கியூஎஸ்எல் கார்டு எங்கே நின்றுபோனது? அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் வழி

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு வருகிற, இங்கிருந்து போகிற கியூஎஸ்எல் கார்டுகளை, அதாவது ரேடியோவில் பேசியதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டைகளை, பிரித்து அடுக்குவது பல வருடங்களாக என் பொறுப்பு. "கார்டு வரலை" என்று வருகிறவர்கள் முதலில் தபாலைத்தான் குறை சொல்வார்கள். கூட உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலான கார்டுகள் தபாலில் தொலைந்தவையே இல்லை. நம் மேசையிலேயே, எழுதும்போதோ கவர் போடும்போதோ தடம் மாறியவை. அதனால்தான் எல்லா அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். மறுபடி தபால்தலை ஒட்டும் வேலை கடைசிக் கட்டத்துக்குத்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும்: உங்கள் லாக் (பேசிய தொடர்புகளைக் குறிக்கும் பதிவேடு), அனுப்பிய கார்டின் இரண்டு பக்கப் படம். படம் எடுக்கும் பழக்கம் இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். கீழே சொல்வதில் பாதி, அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி 1: டைரக்டாக (நேராக முகவரிக்குத் தபாலில்) அனுப்பினேன், பதிலே இல்லை

*காலண்டரைப் பாருங்கள்.* அனுப்பி மூன்று மாதம் ஆகவில்லையென்றால் அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. டிஎக்ஸ்பெடிஷன் (ரேடியோவில் பேசுவதற்காகவே தொலைவான இடத்துக்குப் போகும் பயணம்) என்றால் குழு ஊர் திரும்பி, லாக்கைச் சரிபார்த்து, கார்டு அச்சடித்துவிட்டுத்தான் அனுப்பவே தொடங்கும். ஆறு மாதம் பொறுக்கலாம்.

*யாருக்கு அனுப்பினீர்கள்?* நான் பார்க்கிற கோளாறுகளில் அதிகம் இதுதான். தொலைதூரத் தீவிலிருந்து பேசியவரின் கார்டுகளை வேறொரு நாட்டில் இருக்கும் மேனேஜர் பார்த்துக்கொள்வார். நீங்கள் தீவின் முகவரிக்கு எழுதியிருந்தால், அந்த உறை யாரும் திறக்காத தபால்பெட்டியில் கிடக்கும். கியூஆர்இசட் எனும் முகவரித் தளத்தில் அந்தக் கால்சைனின் (ஸ்டேஷனின் அழைப்புக் குறியீடு) பக்கத்தைத் திறந்து, முகவரியை மட்டும் பார்க்காமல் கீழே எழுதியிருப்பதையும் கடைசி வரி வரை படியுங்கள். "மேனேஜர் வழியாக மட்டும்", "ஓகியூஆர்எஸ் மட்டும்" (இணையத்திலேயே கார்டு கேட்கும் முறை), "காகிதக் கார்டு அனுப்புவதில்லை" என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதும் முக்கியம். மேனேஜர்கள் மாறுவார்கள், சிலர் காலமாகியும் இருப்பார்கள்.

*எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள்?* கார்டின் அடியில் "பிஎஸ்இ கியூஎஸ்எல்", "டிஎன்எக்ஸ் கியூஎஸ்எல்" என்று இரண்டு கட்டம் இருக்கும். முதலாவது "தயவுசெய்து கார்டு அனுப்புங்கள்". இரண்டாவது "உங்கள் கார்டு வந்தது, நன்றி". புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்காக நன்றிக் கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை ஒரே ஆள் கொடுத்த நாற்பது சொச்சம் கார்டுகளைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் நீல மையில் அழகாக டிஎன்எக்ஸ் டிக். எதிர்முனையில் இருப்பவர் அதைப் பார்த்ததும், தான் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டோம் என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் படத்தில் டிக் தப்பான கட்டத்தில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள், புதுக் கார்டு வேண்டியிருக்காது.

*பதில் உறைக்குள் என்ன வைத்தீர்கள்?* உங்கள் நாட்டுத் தபால்தலையை ஒட்டி வைத்திருந்தால் அது அங்கே செல்லாது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. பதில் தபால் அவர் நாட்டிலிருந்து கிளம்புகிறது, எனவே அவர் நாட்டுத் தலைதான் வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று ஐஆர்சி எனும் சர்வதேசப் பதில் கூப்பன். 1906இல் ரோமில் கூடிய உலகத் தபால் ஒன்றிய மாநாட்டில் பிறந்த ஏற்பாடு. ஒரு கூப்பனைக் கொடுத்தால், வெளிநாட்டுக்குப் போகும் ஒரு சாதாரண விமானக் கடிதத்துக்கான குறைந்தபட்சத் தலையைத் தருவார்கள். கூப்பன் மேலேயே காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். பழைய கூப்பனை நண்பரிடம் வாங்கி வைத்தீர்களென்றால் அதைப் பாருங்கள். ஒன்றிய உறுப்பு நாடுகள் கூப்பனை மாற்றிக்கொடுத்தாக வேண்டும், விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கத் தபால்துறை 2013இல் விற்பனையை நிறுத்திவிட்டது, கொண்டுபோனால் மாற்றிக்கொடுக்கிறது. ஆகவே "எங்கள் ஊரில் கிடைக்கவில்லை" என்பதும், "அவருக்குப் பயன்படாது" என்பதும் வேறு வேறு.

இன்னொன்று கிரீன் ஸ்டாம்ப், அதாவது டாலர் நோட்டு. எத்தனை நோட்டு என்பதை அவரே தன் பக்கத்தில் எழுதியிருப்பார். தபாலில் நோட்டு வைப்பதைத் தடைசெய்த நாடுகள் உண்டு. அங்கே இருப்பவருக்கு அனுப்பினால் அவருக்குத்தான் சிக்கல். அவர் வேண்டாம் என்று எழுதியிருந்தால் வைக்காதீர்கள்.

*உறையின் வெளியே என்ன எழுதினீர்கள்?* கால்சைனை உறைமேல் எழுதக்கூடாது. "உள்ளே பணம் இருக்கும்" என்று சொல்லும் அடையாளம் அது; வழியில் திருடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பளபளக்கும் நினைவுத் தபால்தலைகளும் அப்படித்தான் கண்ணை இழுக்கும். பெயரும் முகவரியும் மட்டும், சாதாரண உறை, சாதாரணத் தலை, உள்ளே இருப்பது வெளிச்சத்தில் தெரியாதபடி ஒரு வெற்றுத்தாள்.

*இதற்கு மேல்:* எல்லாம் சரியாக இருந்து ஆறு மாதமும் கடந்துவிட்டால், மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தேதி, யூடிசி எனும் உலகப் பொது நேரம், பேண்ட் (அலைவரிசை), மோட் (குரல், மோர்ஸ் போன்ற முறை), அனுப்பிய நாள், இந்த ஐந்தும் போதும். குறை சொல்லும் தொனி வேண்டாம். அவர் சம்பளம் இல்லாமல், தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் எழுதுகிறவர். அதற்கும் பதில் இல்லையென்றால், ஸ்டேஷன்கள் தங்கள் லாக்கை ஏற்றிவைக்கும் கிளப் லாக் தளத்தின் ஓகியூஆர்எஸ்ஸில் அந்த ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டணம் கட்டிக் கேட்பதே அடுத்த செலவு. அதில் உங்கள் கார்டை அனுப்பவே வேண்டாம். பதிவுத்தபாலை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கிக்கொள்ள அவர் வேலையை விட்டுத் தபால் நிலையம் போக வேண்டும், "உள்ளே விலையுள்ள பொருள்" என்று அது ஊருக்கே சொல்லவும் செய்யும்.

அறிகுறி 2: "நாட் இன் லாக்" என்று கார்டு திரும்பி வந்துவிட்டது

மனசு உடைகிற அறிகுறி இது. ஆனால் சரிசெய்யக்கூடியவற்றில் அதிகம் இங்கேதான் இருக்கிறது.

கிளப் லாக்கில் அந்த ஸ்டேஷனின் லாக் ஏற்றப்பட்டிருந்தால், உங்கள் கால்சைனைத் தேடுங்கள். எந்தெந்த பேண்ட், எந்தெந்த மோட் என்று கட்டங்களாகக் காட்டும். அதில் வருவதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*2அ. தேடினால் நான் இருக்கிறேன், அதே பேண்ட், அதே மோட்.* நேரத்திலோ தேதியிலோ பிசகு. மேனேஜர்கள் சில நிமிட வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த மாட்டார்கள். மணிக்கணக்கில் தள்ளிப்போனால்தான் தேடிக் கிடைக்காது.

போன வருடம் ஒரு தம்பி மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்த கார்டோடு வந்தான். "அண்ணே, நான் பேசினது நிஜம், ரெக்கார்டிங்கே இருக்கு" என்றான். அவனுடைய கையெழுத்து லாக்கை வாங்கிப் பார்த்தேன். விடியற்காலைத் தொடர்பு. நேரத்தை யூடிசிக்கு ஒழுங்காக மாற்றியிருந்தான், தேதியை மாற்றவில்லை. யூடிசிக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்கு விடியற்காலை என்பது யூடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு. ஆக அவன் கார்டு சொன்ன நேரம், உண்மையான தொடர்புக்கு முழுசாக 24 மணி நேரம் பிந்தியது. அன்றைக்கு அந்தக் குழு தீவை விட்டே கிளம்பிவிட்டது. தேதியை முந்தைய நாளாகத் திருத்திப் புதுக் கார்டு எழுதி, நடந்ததை இரண்டு வரியில் சொல்லி அனுப்பினோம். ஏழு வாரத்தில் பதில் வந்தது. மேற்கே இருப்பவர்களுக்கு இதே பிசகு சாயங்காலத் தொடர்பில், எதிர்த்திசையில் வரும்.

தேதியை எழுதும் முறையையும் பாருங்கள். 05/06 என்று எழுதினால் ஒருவருக்கு அது ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், அல்லது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். குழப்பத்துக்கே இடமிருக்காது.

கணினி லாக் என்றால் நிரலில் "யூடிசி" தேர்வு இருக்கிறதா, கணினியின் நேர வலயம் சரியா என்று பாருங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில் அரை வருட லாக் முழுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

*2ஆ. நான் இருக்கிறேன், ஆனால் வேறு பேண்டில்.* ரேடியோவுக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிளைப் பாருங்கள். அது கழன்றிருந்தால் லாக் நிரல் கடைசியாக எந்த பேண்டைப் பார்த்ததோ அதையே எழுதிக்கொண்டிருக்கும். 15 மீட்டரில் பேசியது 20 மீட்டர் என்று பதிவாகும். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி நிறுத்தாதீர்கள், அன்றைக்குப் பேசிய எல்லாவற்றையும் பாருங்கள்.

*2இ. நான் இல்லவே இல்லை, மோர்ஸ் தொடர்பு.* உங்கள் கால்சைனை அவர் தப்பாக எடுத்திருக்கலாம், அவருடையதை நீங்கள் தப்பாக எடுத்திருக்கலாம். வழக்கமாக இடறும் ஜோடிகள் இவை (டிட் என்பது புள்ளி, டா என்பது கோடு): எஸ் மூன்று டிட், ஹெச் நான்கு டிட், 5 ஐந்து டிட். 6 என்பது ஒரு டாவும் நான்கு டிட்டும். அதில் ஒரு டிட் காற்றில் போனால் பி, இன்னொன்றும் போனால் டி. வி, 4 இரண்டுக்கும் நடுவிலும் ஒரு டிட்தான். ஜே, 1 இரண்டுக்கும் நடுவில் ஒரு டா. உங்கள் கால்சைனில் இந்த எழுத்துகள் ஏதாவது இருந்தால், அதன் ஜோடியைப் போட்டு கிளப் லாக்கில் தேடிப் பாருங்கள். சரியாக அதே பேண்டில், மோர்ஸில் அந்தத் தப்பான கால்சைன் இருந்தால், மேனேஜருக்குப் பணிவாக எழுதலாம்: "இந்த நேரத்தில் இப்படி ஒரு கால்சைன் இருந்தால், அது நானாக இருக்கக்கூடுமா என்று பார்க்க முடியுமா?" நிமிடம் பொருந்தினால் பலர் திருத்திக் கொடுப்பார்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். லாக்கில் இல்லாததைக் கெஞ்சி வாங்குவது யாருக்கும் நல்லதில்லை.

*2ஈ. நான் இல்லை, அந்த ஸ்டேஷனே அன்றைக்கு அந்த பேண்டில் இல்லை.* டிஎக்ஸ் கிளஸ்டர் (யார் எந்த ஸ்டேஷனைக் கேட்டார்கள் என்று உடனுக்குடன் பதியும் இணைய வலை) பதிவுகளில் அந்த நாளைத் தேடுங்கள். வேறு யாருமே அந்த நேரத்தில் அவரைக் கேட்கவில்லையென்றால், நீங்கள் பேசியது ஒரு பைரேட்டோடு. அடுத்தவர் கால்சைனைத் திருடிப் பேசுகிறவன். இதற்கு மருந்து இல்லை. லாக்கில் குறித்து வைத்துவிட்டு, அசல் ஸ்டேஷன் வரும்போது மறுபடி கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: பியூரோ வழியாக அனுப்பியது வருடக்கணக்காக வரவில்லை

பியூரோ, அதாவது சங்கங்கள் கார்டுகளைக் கட்டாகப் பரிமாறும் ஏற்பாடு, மெதுவாகத்தான் நடக்கும். உங்கள் சங்கத்தில் ஒரு பெரிய கட்டு சேரும் வரை காத்திருந்து, அந்த நாட்டு பியூரோவுக்கு மொத்தமாகப் போய், அங்கே தன்னார்வலர்கள் பிரித்து, அவருக்குக் கிடைத்து, அவர் பதில் எழுதி, அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு வருடம் சாதாரணம், இரண்டு மூன்று வருடமும் ஆகும். அதையும் தாண்டினால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், அந்த நாட்டுக்கு பியூரோ இருக்கிறதா? எல்லா நாட்டிலும் கிடையாது. ஐஏஆர்யூ எனும் உலக அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் தளத்தில் பியூரோக்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத நாட்டுக்கு எழுதிய கார்டு உங்கள் சங்கத்தை விட்டே கிளம்பியிருக்காது.

அடுத்து, அவர் பியூரோ கார்டு வாங்குகிறவரா? பல நாடுகளில் சங்க உறுப்பினருக்கு மட்டும்தான் கார்டு போய்ச் சேரும். உறுப்பினர் இல்லாதவருடையது திரும்பும், அல்லது அங்கேயே கழிக்கப்படும். அவருடைய பக்கத்தில் "பியூரோ சரி" என்று இருந்தால்தான் நம்பலாம்.

பிறகு, பிரிக்கிறவர் கண்ணுக்கு உங்கள் கார்டு எப்படித் தெரிகிறது? இதைப் பிரிக்கிறவனாகவே சொல்கிறேன். கட்டைக் கையில் வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவோம். ஒரு கார்டுக்கு இரண்டு நொடி. பெறுகிறவர் கால்சைன் மேலே, பெரிய எழுத்தில், அழுத்தமாக இருந்தால் சரியான அறைக்குப் போகும். மூலையில் பொடி எழுத்தில் இருந்தாலோ, அலங்காரப் படத்தின் மேல் எழுதியிருந்தாலோ, பூஜ்யமா ஓ எழுத்தா என்று தெரியாவிட்டாலோ தனித்தட்டில் போய்விழும். தனித்தட்டைக் கடைசியில்தான் பார்ப்போம். பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்.

மேனேஜர் உண்டென்றால் "வழி" கட்டத்தில் அவருடைய கால்சைன் இருக்க வேண்டும், பேசிய ஸ்டேஷனுடையதைவிடப் பளிச்சென்று. கார்டு அந்த மேனேஜரின் நாட்டுக் கட்டுக்குத்தான் போயாக வேண்டும். வெளிநாட்டு முன்னொட்டு போட்டுப் பயணத்தில் பேசியவருக்கும் இதேதான்: கார்டு அவருடைய சொந்த நாட்டு பியூரோவுக்குப் போக வேண்டும்.

அளவு 9க்கு 14 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய கார்டு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ஓரம் மடங்கி, வழியில் கிழியும். மடிப்புக் கார்டுகளும் அப்படியே, நடுவில் இன்னொருவர் கார்டைக் கவ்விக்கொண்டு போய்விடும். தொலைந்துபோன பல கார்டுகளை நான் அந்த மடிப்புக்குள்ளிருந்துதான் எடுத்திருக்கிறேன்.

*யாரைக் கேட்பது:* உங்கள் சங்கத்தின் பியூரோ பொறுப்பாளரை. எந்த நாட்டுக் கட்டு எப்போது கிளம்பியது என்று அவர் குறித்து வைத்திருப்பார். கட்டு போய் மூன்று வருடம் ஆகியிருந்தால் பியூரோவை மறந்துவிட்டு டைரக்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி 4: எனக்கு யாருமே பியூரோ கார்டு அனுப்புவதில்லை

அனுப்பியிருப்பார்கள். உங்கள் பெயரில் கட்டாகக் கிடக்கும். வரும் கார்டுகளுக்கு உறையோ தபால்செலவோ முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும் என்பது பல பியூரோக்களின் முறை. புதிதாக உரிமம் எடுத்தவர்கள் இதைச் செய்யாமலே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். பிரிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கால்சைன் மாற்றினீர்களென்றால் பழையதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பழைய கால்சைனுக்கான கார்டுகள் இன்னும் பல வருடம் வந்துகொண்டிருக்கும்.

அறிகுறி 5: நான் அனுப்பிய உறையே திரும்பி வந்துவிட்டது

உறைமேல் தபால்காரர் போட்ட முத்திரையைப் படியுங்கள். முகவரி மாறிவிட்டது என்றால் கியூஆர்இசட் பக்கத்தைப் புதிதாகப் பாருங்கள். தபால்தலை போதாது என்றால் எடை போட்டுப் பாருங்கள், நான்கைந்து கார்டு சேர்ந்தால் அடுத்த படிக்கு ஏறிவிடும். போகும் நாட்டின் பெயர் கடைசி வரியில், தனியாக, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதிலும் ஒரு விசித்திரம் அடிக்கடி நடக்கும்: அனுப்புநர் முகவரியைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டால், பிரிக்கும் இயந்திரம் அதையே பெறுநர் என்று எடுத்துக்கொண்டு உங்களுக்கே திருப்பி அனுப்பும். முன்பக்கம் இடது மேல்மூலையில் சிறிதாக எழுதுங்கள்.

அறிகுறி 6: உறை வந்தது, உள்ளே கார்டு இல்லை, அல்லது கசங்கிப்போயிருக்கிறது

ஒட்டுப் பகுதியை உற்றுப் பாருங்கள். ஓரம் நைந்து கிழிந்திருந்தால் உறை சின்னது, கார்டு அழுத்திக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. மறுபடி ஒட்டியது போல இரட்டைப் பசைத்தடம் இருந்தால் வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது: பதில் உறை 11.4க்கு 16.2 சென்டிமீட்டர், அதாவது சி6. வெளி உறை பி6, 12.5க்கு 17.6. ஒன்றுக்குள் ஒன்று மடிக்காமல் உட்காரும், 9க்கு 14 கார்டு தாராளமாக நிற்கும். இரண்டாவது என்றால் உறையைத் தூக்கிப்போடாமல் அதோடு தபால் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுங்கள். பிறகு மேனேஜருக்கு உறையின் படத்தோடு எழுதினால் இன்னொரு கார்டு தருவார்.

மை கரைந்து வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் பளபளப்புத் தாள். அதன் மேல் ஜெல் பேனா காயாது, இன்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் ஓடிவிடும். உங்கள் கார்டுக்கு எழுதும் பக்கம் பளபளப்பில்லாததாக அச்சடியுங்கள். இருக்கிற கார்டு தீரும் வரை லேபிளில் அச்சடித்து ஒட்டுங்கள்.

அறிகுறி 7: கார்டு வந்தது, தகவல் தப்பு

பேனாவைத் தொடாதீர்கள். ஒரு எண்ணைத் திருத்தினாலும் அந்தக் கார்டு செத்துவிடும். அடித்துத் திருத்திய கார்டை டிஎக்ஸ்சிசி (நூறு நாடுகளோடு பேசியதற்கு ஏஆர்ஆர்எல் எனும் அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கம் தரும் அவார்டு) ஏற்பதில்லை. அவரே திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் நான் நம்ப மாட்டேன், புதுக் கார்டு கேட்பதே பத்திரம். தப்பான கார்டின் படம், உங்கள் லாக் வரி, பதில் தபால்செலவு, மூன்றையும் அனுப்புங்கள். அவர் தொடர்புகளை இணையத்திலேயே உறுதிசெய்யும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் எனும் லாட்டில் இருப்பவரென்றால் அதில் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தினால் டிஎக்ஸ்சிசிக்கு அதுவே போதும், காகிதத்துக்கு அவசரமில்லை.

அறிகுறி 8: கார்டு சரி, ஆனால் அவார்டுக்கு ஏற்கவில்லை

கார்டில் இரண்டு கால்சைன்களும், தேதியும், நேரமும், பேண்டும், மோடும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல்வைத்துப் பாருங்கள். மோட் கட்டம் காலியாக விடப்பட்ட கார்டுகள் ஏராளம். பிறகு, அது இருவழித் தொடர்பை உறுதிசெய்கிறதா? உங்கள் பேச்சைக் கேட்க மட்டும் செய்தவர் அனுப்பிய எஸ்டபிள்யூஎல் கார்டு அழகாக இருக்கும், தொடர்புக்குக் கணக்கில் வராது. தீவுகளோடு பேசியதற்கான ஐஓடிஏ அவார்டுக்குத் தீவின் பெயர் கார்டில் அச்சாகியிருக்க வேண்டும். டிஎக்ஸ்சிசியில் 1945 நவம்பர் 15 முதலான தொடர்புகள்தான் செல்லும். நீங்கள் பேசிய தொடர்புகள் எல்லாம் ஒரே டிஎக்ஸ்சிசி பகுதியிலிருந்து (அந்த அவார்டு தனி நாடாகக் கணக்கிடும் இடம்) பேசியவையாக இருக்க வேண்டும். நாடு மாறிக் குடியேறியவர்கள் பழைய கார்டுகளையும் புதியவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டுத் தவிப்பது இதனால்தான். இகியூஎஸ்எல் தளத்தில் வந்த மின்கார்டை அச்சடித்து டிஎக்ஸ்சிசிக்குக் கொடுத்தாலும் செல்லாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், கார்டுகளை அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பும் முன் ஏஆர்ஆர்எல் நியமித்த கார்டு செக்கர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கார்டை உங்கள் கண் முன்னாலேயே பார்த்து, செல்லும், செல்லாது என்று சொல்லிக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இருபது வருடம் சேர்த்த அசல் கார்டுகளை இன்னொரு தபால் பயணத்துக்கு அனுப்புவதைவிட, அவரைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போவதே மேல். அப்படித் தபாலில்தான் அனுப்ப வேண்டிவந்தால், ஒவ்வொரு கார்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பதிவுத்தபால் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான்.